பெரிய கேம்கள் ஏன் தடுமாறுகின்றன: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரின் கேம் ஸ்டுடியோக்களில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களும், ஓசூர், சேலம், கோவை என்று பல ஊர்களில் அனிமேஷன் படித்துவிட்டு இங்கே வேலை தேடி வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் பதினைந்து ஆண்டுகளாக, முதலில் முப்பரிமாண உருவங்கள் செய்யும் ஆர்ட்டிஸ்டாகவும், பிறகு ஒரு சிறு குழுவின் லீடாகவும், இப்போது வேலையையும் தேதியையும் கவனித்து நடத்தும் புரொடியூசராகவும் இருக்கிறேன். வெளிநாட்டு நிறுவனங்களைப் பற்றிச் சொல்பவை வெளியான செய்திகளிலிருந்தும், சம்பந்தப்பட்டவர்களே பொதுவில் சொன்னவற்றிலிருந்தும் எடுத்தவை. நானே கண்டவற்றைச் சொல்லும் இடங்களில் நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன்.

"கேம் கம்பெனியில் வேலை" என்றால் வீட்டில் "ரம்மியா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. உங்கள் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்லுங்கள். சினிமாவைப் போல பல நூறு பேர் பல ஆண்டுகள் உழைத்து, கணினியிலும் கன்சோலிலும் விளையாடுவதற்காக விற்கும் கேம்களைப் பற்றியே இங்கே பேசுகிறேன். அப்பாவுக்கு இதுவும் புரியவில்லை என்றால் மாதச் சம்பளமும் பிஎஃப் பிடித்தமும் இருப்பதைச் சொல்லுங்கள், புரிந்துவிடும்.

இவ்வளவு திறமைசாலிகளும் இவ்வளவு பணமும் இருந்தும் ஒரு கேம் எப்படிக் கெடுகிறது?

பெரும்பாலும் மேலே இருப்பவர்கள் ஒரு முடிவை எடுக்காமல் வைத்திருப்பதால் கெடுகிறது. தவறான முடிவைக்கூட ஆறு மாதத்தில் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். எடுக்காத முடிவு வெளியே தெரியாது. எல்லாரும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பதால், கேம் வளர்ந்துவருவதாகவே தோன்றும்.

இதற்கு நான் முதலில் காட்டும் உதாரணம் பயோவேர் நிறுவனத்தின் ஆன்தம். மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ் ஆகிய தொடர்களால் பெயர்பெற்ற அந்த ஸ்டுடியோ, ஏறக்குறைய ஆறேழு ஆண்டுகளை இதில் செலவிட்டு 2019 பிப்ரவரியில் வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் செய்தியாளர் ஜேசன் ஷ்ரையர், அந்தக் கேமில் வேலை செய்தவர்களும் அதற்கு அருகில் இருந்தவர்களுமாகப் 19 பேரிடம் பேசி, உள்ளே நடந்ததை விரிவாக எழுதினார். அந்தச் செய்தியின்படி, அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி எது கேம் என்று தீர்மானிக்காமலேயே கழிந்தது. இறுதியில் மக்கள் வாங்கிய கேமில் பெரும்பங்கு கடைசி ஒன்றரை ஆண்டுக்குள் கட்டப்பட்டது.

பறப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்தமை விளையாடிய எவரும் நன்றாக இருந்தது என்று சொல்லும் ஒரே அம்சம், கவச உடையில் வானில் பறப்பதுதான். அதையே குழு சேர்த்தது, நீக்கியது, மீண்டும் சேர்த்தது. 2017இல் தாய் நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் உயரதிகாரி ஒருவருக்குக் காட்ட ஒரு டெமோ தேவைப்பட்டது. அதற்கு முந்தைய டெமோ அவருக்குப் பிடிக்கவில்லை. புதிய டெமோவில் பறப்பதைத் திரும்ப வைத்தார்கள், அவர் பார்த்து மகிழ்ந்தார், பறப்பது நிலைத்தது. ஒரு மனிதன் பறப்பானா, நடப்பானா என்பது தெரியாமல் மலையின் உயரத்தையோ பள்ளத்தாக்கின் அகலத்தையோ எதிரி எங்கே நிற்பான் என்பதையோ யாரும் வரைய முடியாது. அந்த ஒரு கேள்வி திறந்து கிடந்த காலத்தில் வரைந்த ஒவ்வொரு பாறையும், நாளை தூக்கி எறியப்படலாம் என்ற நிலையில் வரைந்த பாறைதான்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கேமுக்கு முதலில் வைத்திருந்த பெயர் பியாண்ட். 2017 ஜூனில் நடந்த ஈ3 என்ற கேம் கண்காட்சிக்குச் சில நாட்களே இருந்தபோது பெயர் மாறியது. பழைய பெயரில் டி-ஷர்ட்டுகள்கூட அச்சாகியிருந்தன. அந்தக் கண்காட்சியில் காட்டிய டெமோவைப் பார்த்த பிறகே, தாங்கள் என்ன கேமைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று குழுவில் பலருக்குத் தெளிவானதாம். மாப்பிள்ளை யார் என்று முகூர்த்தத்தன்று பந்தலில் தெரிந்துகொண்ட பெண் வீட்டார் நிலைமைதான்.

அந்தக் கேமைச் சீர்செய்யும் முயற்சி 2021இல் கைவிடப்பட்டது. 2026 ஜனவரி 12 அன்று சர்வர்களை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. இணையத்தில் மட்டுமே விளையாடக்கூடிய கேம் என்பதால், சர்வர் நின்றால் வாங்கியவர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

எஞ்சினை மாற்றுவது அவ்வளவு பெரிய தவறா?

எஞ்சின் என்பது கேமின் அடித்தளம்: ஒளி எப்படி விழும், உருவம் எப்படி நகரும், கோப்புகள் எப்படி ஏறும் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. கட்டி முடித்த இரண்டு மாடியை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கீழே புது அஸ்திவாரம் போடுவது முடியாத காரியமில்லை. செலவைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

டியூக் நியூக்கெம் ஃபாரெவர் என்ற கேம் 1997இல் அறிவிக்கப்பட்டது. அப்போது அதற்குக் குவேக் 2 எஞ்சினுக்கான உரிமம் வாங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டே அன்ரியல் எஞ்சினுக்கு மாறினார்கள். முந்தைய கேமின் வெற்றியால் அதைச் செய்த 3டி ரெல்ம்ஸ் நிறுவனத்திடம் சொந்தப் பணம் இருந்தது, அதனால் "எப்போது முடியும்?" என்று வெளியிலிருந்து கேட்கும் ஆள் இல்லை. "முடியும்போது முடியும்" என்பதையே அவர்கள் பெருமையான பதிலாக வைத்திருந்தார்கள். திட்டத்தை நடத்திய ஜார்ஜ் பிரவுஸ்ஸர்ட், சந்தைக்கு வரும் ஒவ்வொரு புதிய கேமிலும் எதையாவது பார்த்துவிட்டு அது தம் கேமிலும் வேண்டும் என்று கேட்டார் என்று பின்னாளில் செய்திகள் வெளிவந்தன. அவர் புதுக் கேம் எதையும் பார்க்காமல் தடுக்க வேண்டும் என்பது ஊழியர்களிடையே ஒரு நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. 2009 மே மாதத்தில் பணம் தீர்ந்து குழு கலைக்கப்பட்டது. வேறொரு நிறுவனம் எடுத்து முடித்து 2011 ஜூனில் வெளியிட்டது. பதினான்கு ஆண்டுகள். அறிவிப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தை அதற்குள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும்.

ஜான் ரொமேரோவின் டைகட்டானாவும் இதே வகை. 1997 கிறிஸ்துமஸுக்கு வரும் என்றார்கள், போட்டியாளரின் குவேக் 2 எஞ்சினைப் பார்த்ததும் அதற்கு மாறினார்கள், இடையில் குழுவில் ஒரு பகுதியினர் ஒன்றாக வெளியேறினார்கள், கேம் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. ரொமேரோ டூம் கேமை உருவாக்கியவர்களில் ஒருவர். திறமையைப் பற்றி யாரும் ஐயப்பட முடியாது. ஒரு கேமை வடிவமைக்கும் திறமையும் ஒரு நிறுவனத்தை நடத்தும் திறமையும் ஒரே தலையில் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பதே அதில் நான் பார்ப்பது.

பணம் நிறைய இருந்தால் இந்தச் சிக்கல்கள் வராதல்லவா?

பணம் அதிகமாக இருந்தால் முடிவைத் தள்ளிப்போடும் வசதியும் அதிகமாகிறது. ஸ்டார் சிட்டிசன் என்ற கேம் 2012இல் ரசிகர்களிடம் பணம் திரட்டத் தொடங்கியபோது 2014இல் கொடுப்பதாகச் சொன்னது. திரண்ட தொகை 70 கோடி டாலரைத் தாண்டிவிட்ட பின்பும் முழுமையான வெளியீடு நடக்கவில்லை. விளையாடக்கூடிய ஒரு வடிவம் இருக்கிறது, அதை விரும்பி விளையாடுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மோசடி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முடிக்காமல் இருப்பதற்கே வருமானம் வரும்போது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் கட்டாயம் தலைமைக்கு வருவதில்லை.

அமெரிக்காவின் 38 ஸ்டுடியோஸ் கதை இதைவிடக் கசப்பானது. புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் கர்ட் ஷில்லிங் தொடங்கிய நிறுவனம் அது. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் விளையாடும் ஓர் உலகத்தைக் கட்ட விரும்பினார். ரோட் ஐலண்ட் மாநில அரசு 7.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்து, நிறுவனத்தைத் தன் மாநிலத்துக்கு வரவழைத்தது. 2012 மே மாதத்தில் சம்பளம் வரவில்லை. பணம் இத்தனை குறைந்துவிட்டது என்று ஊழியர்களிடம் யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. சில நாட்களில் எல்லாரும் வேலையிழந்தார்கள், அடுத்த மாதம் நிறுவனம் திவாலானது. ஊர் மாறி வந்தவர்களில் சிலருக்கு, நிறுவனம் விற்றுத் தருவதாகச் சொன்ன பழைய வீடு விற்கப்படவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தலைமைக்குத் தன் கனவின் மீது உண்மையான நம்பிக்கை இருந்தது, சொந்தப் பணத்தையும் போட்டிருந்தது. அந்த நம்பிக்கையே கணக்கை வெளியே சொல்லவிடாமல் தடுத்தது என்பது என் கணிப்பு.

தாமதமாகும் கேமுக்கு ஆள் சேர்த்தால் வேகம் கூடாதா?

ஐபிஎம்மின் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே பதில் சொல்லிவிட்டார்: தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும். புதியவருக்குச் சொல்லித்தருபவர், ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களில் ஒருவராகத்தான் இருப்பார், அந்த நேரத்தில் அவருடைய வேலை நிற்கும்.

கிரஞ்ச் இல்லாமல் பெரிய கேம் செய்ய முடியுமா, அண்ணா?

கிரஞ்ச் என்பது வெளியீட்டுக்கு முன் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், இரவும் விடுமுறையும் பாராமல் வேலை வாங்குவது. 2004 நவம்பரில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி, தம் பெயரை மறைத்து, வாரம் ஏழு நாளும் நடந்த வேலையைப் பற்றி இணையத்தில் எழுதினார். அந்த நிறுவனத்தின் மீது தொடுக்கப்பட்ட மிகைநேரச் சம்பள வழக்குகளில் ஆர்ட்டிஸ்டுகளுக்கு 1.56 கோடி டாலரும் புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலரும் கொடுத்துத் தீர்வு காணப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்தும் பழக்கம் போகவில்லை.

நேரடியாகச் சொல்கிறேன்: கடைசி வாரத்தில் இரண்டு இரவு கூடுதலாக உட்காருவதை நான் கிரஞ்ச் என்று எண்ணுவதில்லை, திருவிழாவுக்கு முந்தைய இரவு எந்தத் தையற்கடையும் தூங்குவதில்லை. நான்கு மாதம் தொடர்ந்து உட்கார வேண்டியிருந்தால், எட்டு மாதத்துக்கு முன்பு எடுத்திருக்க வேண்டிய முடிவு ஒன்று எடுக்கப்படவில்லை என்று பொருள். மேலே தவறவிட்ட நாட்களைத்தான் கீழே இருப்பவர் தம் சனி, ஞாயிறுகளால் ஈடுகட்டுகிறார்.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மடிவாளாவில் போய் நின்றால் இதைப் பார்க்கலாம். தோளில் லேப்டாப் பையோடு தேனிக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறும் கூட்டத்தில், கைபேசியைக் காதில் வைத்தபடி "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்பிடறேன்" என்று சொல்லிக்கொண்டே படியேறும் ஒருவராவது இருப்பார்.

டிரெய்லரும் வெளியீட்டுத் தேதியும் ஏன் இவ்வளவு தொல்லை தருகின்றன?

தேதி என்பது முதலீட்டாளர், விற்பனையாளர், ரசிகர் ஆகிய மூவருக்கும் கொடுத்த வாக்கு. வேலை முடியும் நாளைக் கணக்கிட்டுத் தேதி வைக்காமல், தேதியை வைத்துவிட்டு வேலையை அதற்குள் திணிக்கும்போது தொல்லை தொடங்குகிறது. சைபர்பங்க் 2077 முதலில் 2020 ஏப்ரல் 16 என்றார்கள். பிறகு செப்டம்பர் 17, பிறகு நவம்பர் 19, இறுதியில் டிசம்பர் 10. அக்டோபர் தொடக்கத்தில் கேம் தயாராகிவிட்டது என்று கொண்டாடிவிட்டு, அதே மாத இறுதியில் மீண்டும் தள்ளிவைத்தார்கள். கட்டாயக் கிரஞ்ச் இருக்காது என்று 2019இல் சொன்ன தலைமையே, கடைசி வாரங்களில் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது.

வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டுமே கொடுத்தார்கள். பழைய கன்சோல்களில் அது எப்படித் திணறியது என்பதை வாங்கியவர்கள்தான் முதலில் கண்டார்கள். ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து கேமை நீக்கியது. 2021 ஜூன் 21 அன்றுதான் திரும்ப வைத்தது. கேமைச் செய்த சிடி புராஜெக்ட் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான மார்ச்சின் இவின்ஸ்கி 2021 ஜனவரியில் காணொளியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார், டெவலப்பர்களைத் திட்ட வேண்டாம், முடிவு எங்களுடையது என்றும் சொன்னார், அது பாராட்டத்தக்கது. ஆனால் அதே காணொளியில், பயனர்கள் கண்ட சிக்கல்களில் பெரும்பகுதி தங்கள் சோதனையில் தெரியவில்லை என்றும் சொன்னார். பக் எனப்படும் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கும் என் நண்பர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். டெஸ்டர் எழுதிவைத்த பக், தேதி நெருங்கும்போது "பிறகு பார்க்கலாம்" என்ற பட்டியலுக்குப் போவதை அவர்கள் ஒவ்வொரு திட்டத்திலும் பார்த்தவர்கள்.

எங்கோ வெளிநாட்டில் நடக்கும் நிர்வாகக் கோளாறுக்கும் பெங்களூருக்கும் என்ன தொடர்பு?

துருவா இன்டராக்டிவ் 1997இல் ராஜேஷ் ராவ் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம். இந்தியாவின் முதல் கேம் ஸ்டுடியோக்களில் ஒன்று. 2016 இறுதியில் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்க ஒப்பந்தம் செய்தது. அந்த ஸ்டார்பிரீஸ், வாக்கிங் டெட் உலகை வைத்து ஒரு பெரிய கேமைச் செய்துகொண்டிருந்தது. 2014இல் அறிவித்த கேம். 2015இல் வல்ஹல்லா என்ற எஞ்சினையே விலைக்கு வாங்கினார்கள், அது வேலைக்கு ஆகாமல் பிறகு அன்ரியலுக்கு மாறினார்கள். 2018 நவம்பரில் கேம் வந்தது, விற்கவில்லை. அடுத்த மாதமே ஸ்டார்பிரீஸ் கடனைச் சமாளிக்க நீதிமன்றத்தின் சீரமைப்புப் பாதுகாப்பைக் கேட்டது, தலைமை அதிகாரி பதவி விலகினார். 2019 மே மாதத்தில் துருவாவின் பங்கு 79 லட்சம் டாலருக்கு ராக்ஸ்டார் கேம்ஸ் கைக்கு மாறியது. ஸ்வீடனில் ஓர் எஞ்சினைப் பற்றி எடுத்த முடிவால், பெங்களூரில் பல நூறு பேரின் அடையாள அட்டையில் முதலாளியின் பெயர் மாறியது. இந்தக் கதையில் பெங்களூர்க்காரர்களுக்கு வேலை மிஞ்சியது. எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை.

என் கண்முன் நடந்தது சிறியது. வெளிநாட்டு ஸ்டுடியோ ஒன்றின் பெரிய கேமுக்காக, ஒரு துறைமுகத்துக்குத் தேவையான சாமான்களை எங்கள் குழு செய்தது: பெட்டி, பீப்பாய், நங்கூரம், கயிறு, வலை. வலை செய்தவர் பாம்பன் பக்கத்துப் பையன். எங்களுக்குக் கொடுத்த மாதிரிப் படத்தில் வலை வெறும் கட்டம் போட்ட துணியைப் போல இருந்தது. அவர் ஊருக்குப் போனபோது சித்தப்பாவின் வலையைக் கையில் எடுத்து, முடிச்சு எந்தப் பக்கம் விழுகிறது, ஈயக்குண்டு எத்தனை சாண் இடைவெளியில் தொங்குகிறது, பழைய மிதவைக்குப் பதில் அறுத்த செருப்பின் அடிப்பகுதியைக் கோத்திருப்பது எப்படி இருக்கிறது என்றெல்லாம் படமெடுத்து வந்து அப்படியே செய்தார். உருவத்தைக் கட்டும் சிறு தட்டைத் துண்டுகளான பாலிகான்களின் எண்ணிக்கையும் வரம்புக்குள் இருந்தது. அங்கிருந்து வந்த ஃபீட்பேக் "இன்னும் உயிரோட்டம் வேண்டும்" என்றது, திருத்தினோம். "கொஞ்சம் பழசாகத் தெரிய வேண்டும்" என்றது; திருத்தினோம். ஒன்பதாவது ரிவிஷன் போய்க்கொண்டிருந்தபோது, அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு புரொடியூசர் வீடியோ அழைப்பில் எங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதற்கு? கதை பாலைவனத்துக்குப் போய் ஐந்து மாதம் ஆயிற்றே" என்றார்.

பணம் ஒழுங்காக வந்துவிட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். துறைமுகம் வேண்டாம் என்று முடிவெடுத்ததும் அவர்கள் உரிமை. ஆனால் அந்த முடிவு அவர்கள் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவில்லை. ஃபீட்பேக் எழுதிக்கொண்டிருந்தவருக்கே அது தெரியாது. வேலையை வெளியே காட்டக் கூடாது என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருப்பதால், அந்தப் பையன் இன்றுவரை அந்த வலையைத் தன் போர்ட்ஃபோலியோவில் வைக்க முடியவில்லை.

இந்திய ஸ்டுடியோக்களுக்குத் திறமை போதவில்லை என்கிறார்களே?

2020 செப்டம்பரில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் மறு ஆக்கத்தை, புனேயிலும் மும்பையிலும் உள்ள யூபிசாஃப்ட் ஸ்டுடியோக்கள் செய்வதாக அறிவித்தபோது, இந்தியாவில் இப்படியொரு பெரிய பொறுப்பு வந்ததே என்று நாங்களும் மகிழ்ந்தோம். டிரெய்லரைப் பார்த்தவர்கள் முக அசைவையும் ஒளியையும் கேலி செய்தார்கள், வெளியீடு தள்ளிப்போனது, 2022இல் வேலை மான்ட்ரியல் ஸ்டுடியோவுக்கு மாற்றப்பட்டது. இணையத்தில் "இந்தியர்களிடம் கொடுத்தால் இப்படித்தான்" என்ற பேச்சு வந்தது. வேலையில் குறை இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் நான்கே மாதத்தில், 2021 ஜனவரியில், வெளியிடுவதாகத் தேதி வைத்ததும் அந்த நிலையில் டிரெய்லரை ஏற்று வெளியே விட்டதும் கேமை வரைந்தவர்களின் மேசையில் நடந்திருக்க வாய்ப்பில்லை. வேலை மான்ட்ரியலுக்குப் போன பிறகும் கேம் அடுத்த ஆண்டோ, அதற்கடுத்த ஆண்டோ வந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

நேரமே கொடுக்காமல் கெடுத்ததும் உண்டா?

உண்டு. 1982இல் அட்டாரி, ஈ.டி. திரைப்படத்தின் கேமைக் கிறிஸ்துமஸுக்குள் கடைக்குக் கொண்டுவர விரும்பி, ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே புரோகிராமருக்கு ஐந்து வாரம் சொச்சம் கொடுத்தது. விற்காமல் தேங்கிய சரக்கை நியூ மெக்சிகோவில் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டி எடுத்தபோது கார்ட்ரிட்ஜுகள் கிடைத்தன.

கெட்ட கேம் ஏதாவது மீண்டிருக்கிறதா?

சைபர்பங்க் மீண்டது, 2023 செப்டம்பரில் பேட்ச் என்ற பெயரில் வந்த பெரிய திருத்தத்துக்குப் பிறகு அதைத் திட்டியவர்களே திரும்ப விளையாடினார்கள். ஆனால் நிர்வாகம் என்ற கோணத்தில் நான் எல்லாரிடமும் சொல்வது ஃபைனல் ஃபேன்டசி 14 கதை. 2010 செப்டம்பரில் வந்த அந்த இணைய கேம் படுதோல்வி. டிசம்பரில் நவோக்கி யோஷிடாவிடம் பொறுப்பு கொடுக்கப்பட்டது. என்ன கெட்டது என்று அவர் பிறகு விளக்கியபோது சொன்ன உதாரணம் ஒரு பூந்தொட்டி: ஓரத்தில் நிற்கும் அந்தத் தொட்டியில், விளையாடுபவரின் உருவத்துக்கு உள்ள அளவு பாலிகான்கள் இருந்தன. திரையில் இருபது பேருக்கு மேல் வந்தால் கணினி திணறியதில் வியப்பில்லை. தொட்டியைச் செய்த ஆர்ட்டிஸ்ட் குற்றவாளி இல்லை, அவர் அழகாகத்தான் செய்திருந்தார். எதற்கு எவ்வளவு என்று வரம்பு வைக்க வேண்டியவர்கள் வைக்கவில்லை.

யோஷிடா பழைய கேமைத் திருத்தி ஓட்டிக்கொண்டே, மறுபுறம் புதிய கேமை அடியிலிருந்து கட்டினார். 2012 நவம்பரில் பழைய உலகின் மீது ஒரு நிலவு விழுந்து அழிவதாகக் கதையிலேயே வைத்து அதை மூடினார். 2013 ஆகஸ்டில் புதியது திறந்தது, இன்றும் ஓடுகிறது. இதில் அவருடைய நிறுவனத் தலைமைக்கும் ஒரு பங்கு உண்டு: தோற்றதைத் தோற்றது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மறுபடி கட்டுவதற்குப் பணமும் காலமும் கொடுத்தார்கள்.

வேலையில் சேருவதற்கு முன் தலைமை எப்படிப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள், பலரும் கூச்சப்பட்டு "இல்லை சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். இன்றைய பில்டை, அதாவது இதுவரை செய்த கேமின் ஓடும் வடிவத்தை, முதலிலிருந்து ஒரு மணி நேரம் நிறுத்தாமல் விளையாட முடிகிறதா என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் இருக்கும் கேமுக்கு "இன்னும் இல்லை" என்று பதில் வந்தால் யோசியுங்கள். கடைசியாக எந்த அம்சத்தை வெட்டினீர்கள் என்று கேளுங்கள். நல்ல புரொடியூசர் சிரித்துக்கொண்டே இரண்டு மூன்றைச் சொல்வார், எதையும் வெட்டவில்லை என்று பெருமையாகச் சொல்பவரிடம் கவனமாக இருங்கள். அவுட்சோர்ஸிங் வேலை என்றால், வாடிக்கையாளரிடமிருந்து ஃபீட்பேக் வர சராசரியாக எத்தனை நாள் ஆகிறது, ஒருவர் சொல்கிறாரா, நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். அங்கிருந்து விலகிய ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு காபி வாங்கிக்கொடுத்து, சனிக்கிழமைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றி எல்லாரும் கூட்டிக்குறைத்துச் சொல்வார்கள், சனிக்கிழமையைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை.

முடிவு வராமல் இழுக்கிறது என்று மேலே இருப்பவரிடம் எப்படிச் சொல்வது?

குறையாகச் சொல்லாமல், கணக்காக எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். "மூன்று வடிவங்களை 4ஆம் தேதி அனுப்பினோம், 14ஆம் தேதிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மைல்ஸ்டோனைப் பிடிக்கலாம், அதற்குப் பிறகு என்றால் ஆறு ஆர்ட்டிஸ்டுகளை வேறு வேலைக்கு மாற்ற வேண்டியிருக்கும்" என்பதைப் போல எழுதினால் பெரும்பாலும் பதில் வருகிறது. பதில் வராவிட்டாலும், பிறகு "ஏன் தாமதம்?" என்று கேட்கும் நாளில் அந்தத் தேதிகள் உங்களுக்குத் துணையாக இருக்கும்.

நீங்கள் லீடாக இருந்தபோது இப்படித் தவறு செய்ததே இல்லையா?

செய்திருக்கிறேன். லீடான முதல் ஆண்டில், ஒரு கோட்டைக் கதவுக்கு மூன்று மாதிரிகள் என் ஒப்புதலுக்கு வந்தன. அந்த வாரம் முழுவதும் மீட்டிங். அடுத்த வாரமும் மீட்டிங். யாராவது கேட்டால் "இன்னொரு ஆப்ஷன் பார்க்கலாமே" என்று சொல்லிவைத்தேன். முடிவைச் சொன்னபோது பொங்கலுக்கு ஐந்து நாள்தான் இருந்தது, வாடிக்கையாளரின் தேதி பொங்கலுக்கு மறுநாள். தேனிக்கு டிக்கெட் போட்டிருந்த ஜூனியர் ஒருவர் அதை ரத்து செய்துவிட்டு, எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். அவர் அனுப்பிய கோப்புகளை நான் 11 நாட்களாகத் திறக்கவே இல்லை என்பது, சர்வரில் இருந்த தேதியைப் பார்த்த அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து அவர் விடைபெற்றுப் போகும்போது ஒரு பேச்சுக்குச் சொன்னார். அதுவரை அவரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.